உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். அதில் இன்னும் என்ன ஆராய்ச்சி?

மகள் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப் போகிறாள், வழிகாட்டியாகக் கிடைத்திருக்கும் பேராசிரியர் உலோகக் கலவைகள் உறைவதைப் பற்றியே பல வருடமாக ஆராய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உருக்கி ஊற்றினால் ஆறி உறையத்தான் போகிறது, மனிதன் ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்கிற வேலை, இதில் இன்னும் என்ன மிச்சம், இருந்தாலும் கணினியில் கணக்குப் போட்டுவிட முடியாதா என்பது உங்கள் கேள்வி. நியாயமான சந்தேகம்தான். நானும் இதே துறையில் இருப்பவன், அதனால் பதிலில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கலவையில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்பது பாதிக் கதைதான். ஒரே உருக்கிலிருந்து ஒரு கரண்டியை மணல் அச்சிலும் இன்னொரு கரண்டியைத் தண்ணீரால் குளிர்விக்கப்பட்ட செம்பு அச்சிலும் ஊற்றுங்கள். ரசாயனப் பரிசோதனைக்குக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே முடிவுதான் வரும். இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தால் மணல் அச்சில் வார்த்தது சீக்கிரமே முறியும், செம்பு அச்சில் வார்த்தது நன்றாக நீண்டுகொடுத்த பிறகுதான் முறியும். இந்த வித்தியாசம் அத்தனையும் உறைகிற நேரத்தில் உண்டானது. அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அந்தப் பேராசிரியரின் துறை.

தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உறையும். அதில் 4.5 சதவீதம் செம்பு சேர்த்துவிட்டால் அந்த ஒற்றை வெப்பநிலை போய்விடுகிறது. சுமார் 650 டிகிரியில் முதல் படிகம் தோன்றும். கடைசிச் சொட்டு உறைய 548 டிகிரி வரை இறங்க வேண்டும். இடைப்பட்ட அந்த நூறு டிகிரியில் உலோகம் படிகமும் திரவமும் கலந்த சேறாக நிற்கிறது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை ஏற்காமல் பக்கத்துத் தண்ணீரில் தள்ளிவிடுமே, அதே போல அலுமினியப் படிகமும் செம்பை வெளியே தள்ளுகிறது. முதலில் உறையும் படிகத்தில் செம்பு 0.8 சதவீதம்கூட இருக்காது. தள்ளப்பட்ட செம்பு மிச்சத் திரவத்தில் சேரச் சேர அது 10, 20 சதவீதம் என்று ஏறி, கடைசியில் சுமார் 33 சதவீதத்தில் வந்து நிற்கும்.

எந்த வெப்பநிலையில் எது திரவம், எது திண்மம் என்று காட்டும் பாடப்புத்தகத்து நிலை வரைபடத்தை அப்படியே நம்பினால், இந்தக் கலவை முழுக்க ஒரே வகைப் படிகமாக உறைய வேண்டும். அதற்குப் படிகத்துக்குள் செம்பு அணுக்கள் நகர்ந்து பரவ நேரம் வேண்டும். வார்ப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை. திரவத்துக்குள் செம்பு நன்றாகக் கலந்துகொள்ளும், திண்மத்துக்குள் அசையவே அசையாது என்று வைத்துக்கொண்டு 1913-ல் கல்லிவரும் 1942-ல் ஷைலும் ஒரு எளிய சமன்பாட்டைத் தந்தார்கள். அதில் எண்களைப் போட்டால் சுமார் 9 சதவீதத் திரவம் கடைசிவரை மிஞ்சி 548 டிகிரியில் உறையும் என்று வருகிறது. பூச்சியம் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்பது! அந்த ஒன்பதில் பெரும்பங்கு எளிதில் நொறுங்கும் அலுமினியம்-செம்புச் சேர்மம், அதுவும் படிகங்களுக்கு இடையில் வலையாகப் படிந்திருக்கும். பிறகு வெப்பப் பதப்படுத்தலில் அதைக் கரைக்கலாம். ஆனால் அவசரப்பட்டு உலையை 548 டிகிரிக்கு மேல் ஏற்றினால், வெளியே பார்க்க முழுத் திண்மமாக இருக்கும் பாகம் உள்ளே அந்த வலை இருக்கும் இடங்களில் உருக ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பாகம் மறுபடி உலைக்குத்தான்.

சரி, படிகம் எந்த வடிவில் வளர்கிறது? இதற்குத் தெளிவான விடை கிடைத்தது 1953-ல். புரூஸ் சால்மர்ஸும் அவருடன் டொராண்டோவில் வேலை பார்த்தவர்களும் சொன்னது இது: வளரும் படிகத்தின் முகத்துக்கு நேர் எதிரே, தள்ளப்பட்ட கலப்புப் பொருள் குவிந்து கிடக்கிறது. அதனால் அங்கே திரவத்தின் உறைநிலை தாழ்ந்திருக்கும். முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் குவியல் குறைவு, உறைநிலை உயர்வு. முகத்திலிருந்து தள்ளிப் போகப் போக வெப்பநிலை மெதுவாகவே ஏறும் அச்சில், தள்ளி இருக்கும் அந்தத் திரவம் தன் உறைநிலைக்குக் கீழே வந்துவிட்டாலும் இன்னும் உறையாமல் நிற்கும். படிக முகத்தில் தற்செயலாக ஒரு புடைப்பு முளைத்தால் அது நேராகப் போய் அந்தத் திரவத்துக்குள் நுழைகிறது, நுழைந்ததும் வேகமாக வளர்கிறது. சமதளமாக இருந்த முகம் அதோடு போச்சு. புடைப்பு தண்டாகும், தண்டின் பக்கவாட்டில் கிளை வரும், கிளையில் துணைக்கிளை வரும். இதைத்தான் டென்ட்ரைட் என்கிறோம். நாம் கையாளும் வார்ப்புகளில் ஏறக்குறைய எல்லாமே கோடிக்கணக்கான டென்ட்ரைட்டுகளால் ஆனவை.

வார்த்த அலுமினியத் துண்டு ஒன்றை அறுத்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, அமிலத்தில் ஒரு கணம் முக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இந்தக் கிளைகள் வரிசையாகத் தெரியும். இரண்டு கிளைகளுக்கு நடுவில் உள்ள தூரம்தான் நாங்கள் அடிக்கடி அளக்கும் எண். சீக்கிரம் உறைந்த இடத்தில் அது 10, 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மெதுவாக ஆறிய தடித்த இடத்தில் 100-ஐத் தாண்டும். இந்தத் தூரம் கிளைகள் முளைக்கும்போதே தீர்மானமாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் முளைப்பவை மிக நெருக்கமாக முளைக்கின்றன. அப்புறம் சேற்று நிலையில் இருக்கும் நேரம் முழுவதும் ஒல்லியான கிளைகள் கரைந்து மறைய, பருத்தவை மேலும் பருக்கின்றன. கடைசியில் நாம் அளப்பது பிழைத்த கிளைகளின் இடைவெளியைத்தான். அது உறைய எடுத்த நேரத்தின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது: நேரம் எட்டு மடங்கானால் இடைவெளி இரண்டு மடங்கு. இடைவெளி இரண்டு மடங்கானால் கலப்பைச் சமப்படுத்தும் உலை நேரம் நான்கு மடங்கு. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் எரியறைப் பக்கத்தை அறுத்து இந்த இடைவெளியை அளந்து தரம் பார்ப்பது இதனால்தான். உறைந்த இடத்தில் யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்காவிட்டாலும் எத்தனை நேரத்தில் உறைந்தது என்று அந்தக் கிளைகளே சொல்லிவிடும்.

டென்ட்ரைட்டின் நுனி எவ்வளவு கூர்மையாக இருக்கும், எவ்வளவு வேகமாகப் போகும் என்ற கேள்வி இயற்பியலாளர்களையும் உள்ளே இழுத்துவிட்டது. 1947-ல் இவான்ட்சோவ் கண்டுபிடித்த தீர்வு நுனியின் ஆரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண்ணை மட்டும்தான் தந்தது. தனித்தனியாக எது எவ்வளவு என்று சொல்லவில்லை. கூர்மையான வேகமான நுனிக்கும் மொட்டையான மெதுவான நுனிக்கும் அந்தக் கணக்கு சமமாகவே இடம் கொடுத்தது. இயற்கையோ ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நுனியைத்தான் தேர்ந்தெடுக்கிறது. படிகத்தின் பரப்பு ஆற்றல் திசைக்குத் திசை ஒருசில சதவீதம் மாறுவதுதான் அந்தத் தேர்வைச் செய்கிறது என்று புரிய 1980-கள் வரை ஆனது. அதைச் சோதிக்கப் பூமி தோதுப்படவில்லை, ஏனென்றால் மெதுவாக வளரும் படிகத்தைச் சுற்றித் திரவம் புவியீர்ப்பால் சுழன்றுகொண்டே இருக்கும். மார்ட்டின் கிளிக்ஸ்மன் குழுவின் சோதனைக் கருவி 1994, 1996, 1997 என மூன்று முறை கொலம்பியா விண்ணோடத்தில் போய் வந்தது. முதல் இரண்டு முறை உள்ளே இருந்தது உலோகமில்லை, சக்சினோநைட்ரைல் என்ற கரிமச் சேர்மம். 58 டிகிரியில் உருகும், கண்ணாடி போல ஒளி புகும், உறையும்போது உலோகம் மாதிரியே கிளைவிடும்.

இந்தத் துறையின் உண்மையான கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. உருகிய உலோகம் சூடு. அதைவிட, ஒளி புகாது. அதனால் வெகுகாலம் நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு அறுத்துப் பார்த்து நடந்ததை ஊகித்துக்கொண்டிருந்தோம். 1990-களின் கடைசியில் சின்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி தரும் வலிமையான எக்ஸ்-கதிர்களைக் கொண்டு, உறைந்துகொண்டிருக்கும் உலோகக் கலவையையே படமெடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கிளை தாய்த்தண்டோடு ஒட்டும் கழுத்து மெலிந்து, அறுந்து, மிதந்து போய் வேறிடத்தில் புதுப் படிகமாக வளர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பழைய ஊகங்கள் சில நின்றன, சில விழுந்தன.

குறைபாடுகள் தனிப் பெரிய உலகம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் உறையும்போது கன அளவில் ஆறேழு சதவீதம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் கிளைகளின் சந்துபொந்துகள் வழியே வந்தாக வேண்டும், வழி அடைபட்டால் ஓட்டை விழும். உருகிய அலுமினியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனில் இருபதில் ஒரு பங்கைத்தான் திண்மம் தாங்கும். மற்றது குமிழியாக வெளியேறப் பார்க்கும். கடைசிச் சொட்டுத் திரவம் மெல்லிய படலமாக மிஞ்சியிருக்கும் நேரத்தில் சுருக்கம் இரண்டு பக்கமும் இழுத்தால் சூட்டிலேயே கிழியும். வார்ப்படசாலைகளில் வீணாகும் பாகங்களில் பெரும்பாலானவற்றின் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகவோ, ஊற்றும்போது உள்ளே மடிந்த ஆக்சைடு படலமாகவோ இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இம்மியளவு சேர்ப்பு செய்யும் மாயம். அலுமினியத்தில் 12 சதவீதச் சிலிக்கன் சேர்த்து வார்த்தால் சிலிக்கன் கரடுமுரடான தகடுகளாக உறையும். ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் விரிசல் தொடங்க வாகான இடம். சோடியம் கலந்த உப்பை உருக்கில் சேர்த்தால் இது மாறுகிறது என்று கண்டு 1921-ல் ஆலடார் பாட்ஸ் காப்புரிமை பெற்றார். 0.01 சதவீத அளவுக்குச் சோடியம் போதும், தகடுகள் மறைந்து சிலிக்கன் மெல்லிய நார்களாகக் கிளைத்து உறைகிறது. முன்பு நொறுங்கிய வார்ப்பு இப்போது வளைந்துகொடுக்கும். இன்று சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் போடுகிறார்கள், அது உருக்கில் கூடுதல் நேரம் தங்கும். இவ்வளவு குறைந்த அணுக்கள் சிலிக்கன் வளர்ச்சியை எப்படித் திசைதிருப்புகின்றன என்பதில் நூறு வருடம் கழித்தும் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. அணு அணுவாகப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு சண்டை இன்னும் சுவாரசியமாகத்தான் ஆகியிருக்கிறது.

விமான எஞ்சின் பக்கம் வந்தால் இதே அறிவுக்கு வேறு மாதிரி மரியாதை. டர்பைன் பிளேடு வெகு சூட்டில், பெரும் இழுவிசையில் சுற்றும்போது படிகங்களின் எல்லைகள்தான் முதலில் நழுவிக் கிழியும். எல்லையே இல்லாவிட்டால்? அச்சைச் சூடான உலையிலிருந்து நிமிடத்துக்கு ஒருசில மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்கி, உறைதல் அடியிலிருந்து மேலே போகும்படி செய்கிறார்கள். அடியில் பல படிகங்கள் முளைக்கும். அவை சுருளான ஒரு குறுகிய பாதைக்குள் நுழையும்போது ஒன்றைத் தவிர மற்றவை சுவரில் முட்டி நின்றுவிடும். தப்பி வெளியே வரும் அந்த ஒற்றைப் படிகம் பிளேடு முழுவதையும் நிரப்பும். ஃபிராங்க் வெர்ஸ்னைடரும் விமான எஞ்சின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னியைச் சேர்ந்தவர்களும் 1960-களில் தொடங்கிய வேலை இது.

இங்கேயும் டென்ட்ரைட் விடாது. இந்த நிக்கல் கலவைகளில் டங்ஸ்டன், ரீனியம் போன்ற கனமான தனிமங்கள் படிகத்தின் தண்டில் தங்கிவிட, கிளைகளுக்கு இடையில் மிஞ்சும் திரவம் லேசாகிறது. லேசானது மேலே எழும், எழும் வழியில் கிளைகளைக் கரைத்து வாய்க்கால் வெட்டும், அறுந்த துண்டுகள் சிறு படிகங்களாகக் கோடுபோல நிற்கும். பிளேடின் மேற்பரப்பில் புள்ளிச் சங்கிலியாகத் தெரியும் இந்த வடுவைக் கண்டால் பிளேடு கழிவுக்குப் போகும். இதைப் பார்க்க உலைகூட வேண்டாம்: சூடாகக் கரைத்த அம்மோனியம் குளோரைடு கரைசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி அடியில் மட்டும் குளிர்வித்தால், வெள்ளைப் படிகப் படுகையில் துளைகள் விழுந்து, ஒவ்வொன்றிலிருந்தும் நீர்த்த கரைசல் புகை மாதிரி மேலெழும். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்; சமன்பாடுகள் அப்புறம்.

மிக வேகமாகக் குளிர்வித்தால் என்ன ஆகும்? 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டுவெஸ் குழு தங்கம்-சிலிக்கன் கலவையை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி கணக்கில் குளிர்வித்தபோது படிகம் அமையவே நேரமில்லாமல் கண்ணாடி போன்ற உலோகம் கிடைத்தது. 1982-ல் டேனியல் ஷெக்ட்மன் வேகமாக உறைந்த அலுமினியம்-மாங்கனீஸ் கலவையில், படிகத்தில் இருக்கவே கூடாது என்று நம்பப்பட்ட ஐந்து மடங்குச் சமச்சீரை, அதாவது ஐந்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அதே போலத் தெரியும் அமைப்பைப் பார்த்தார். 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று லேசர் கொண்டு உலோகத்தை அச்சடிக்கும் 3டி பிரிண்டிங்கிலும் இதே அளவு வேகம் சாதாரணம். விமானத்துக்கு உருட்டிப் பயன்படுத்தும் வலுவான 7075 அலுமினியத்தை அப்படி அச்சடித்தால் முழுக்க விரிசல் விடும். அது உறையும் இடைவெளி சுமார் 635-இலிருந்து 477 டிகிரி வரை, நான் முன்னே சொன்ன சூட்டுக் கிழிசலுக்கு அதைவிடத் தோதான கலவை தேட வேண்டியதில்லை. 2017-ல் அமெரிக்காவின் எச்ஆர்எல் ஆய்வகத்தினர் தூளின் மேல் சிர்கோனியம் சார்ந்த நானோ துகள்களைப் பூசினார்கள். அவற்றால் எண்ணற்ற சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் முளைத்தன, நீண்ட டென்ட்ரைட்டுகளுக்கு இடமில்லை, விரிசலும் இல்லை. தீர்வு புதுக் கருவியிலிருந்து வரவில்லை, பழைய வார்ப்புப் பாடத்திலிருந்து வந்தது.

2004-க்குப் பிறகு ஐந்து உலோகங்களைச் சமபங்கில் கலக்கும் ஹை என்ட்ரோபி கலவைகள் பெரிய அலையாக வந்திருக்கின்றன, மகளின் காதிலும் அது விழுந்திருக்கும். நல்ல துறைதான். ஆனால் குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல் சேர்ந்த புகழ்பெற்ற கலவையும் உறையும்போது டென்ட்ரைட்டாகத்தான் உறைகிறது, மாங்கனீஸைக் கிளைகளின் இடுக்குக்குத் தள்ளுகிறது. உறைந்தபடியே எடுத்து அளந்துவிட்டு அதையே கலவையின் இயல்பு என்று எழுதும் கட்டுரைகளை என் மேசையில் நிறையப் பார்க்கிறேன். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பழைய அலுமினியத்தை மறுபடி உருக்கும் வேலை. தாதுவிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீத ஆற்றலே போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு கொஞ்சம் சேரும், சேர்ந்ததைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சிலிக்கன் உள்ள கலவையில் அந்த இரும்பு கூரான தகடுகளாக உறைந்து வார்ப்பைக் கெடுக்கிறது. மாங்கனீஸ் சேர்த்தும் குளிர்விக்கும் வேகத்தைக் கூட்டியும் அதைத் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். இரும்பை அகற்ற முடியாவிட்டால், அது எப்படி உறைய வேண்டும் என்பதையாவது நாம் தீர்மானிக்கலாம்.

கணினி? நிறையவே உதவுகிறது. அச்சுக்குள் வெப்பம் எப்படிப் போகும், சுருக்க ஓட்டை எங்கே விழும் என்று இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே சொல்கின்றன. சிக்கல் அளவில்தான். படிகமும் திரவமும் சந்திக்கும் எல்லை நானோமீட்டர் கணக்கு, வார்ப்பு மீட்டர் கணக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் அடக்க எந்தக் கணினியும் போதாது. இன்னொன்று, படிகம் முதலில் எங்கே முளைக்கும் என்பது. 1950 வாக்கில் டேவிட் டர்ன்புல் மிகச் சிறிய நிக்கல் துளிகளை உருகுநிலைக்கு 300 டிகிரிக்கும் கீழே கொண்டுபோயும் அவை திரவமாகவே இருந்தன. வார்ப்படசாலையிலோ ஒரு டிகிரி தாழ்ந்தாலே முளைவிடும், அழுக்கும் சேர்த்த துகள்களும் வேலையைச் சுலபமாக்கிவிடும். படிகங்களைச் சிறிதாக்க அலுமினியத்தில் டைட்டானியம் போரைடு துகள்கள் போடுகிறார்களே, அவற்றில் நூற்றில் ஒன்றுகூட வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் முதலில் முளைத்து வெப்பத்தை வெளிவிட, சிறியவற்றுக்கு வாய்ப்பே வருவதில்லை. இதை அளந்து கணக்குக்குக் கொடுத்தால்தான் கணினி சரியான விடை தரும், அளப்பதற்கு ஆள் வேண்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வார்ப்பு, வெல்டிங், எஃகு ஆலைகளின் தொடர் வார்ப்பு, டர்பைன், உலோக 3டி பிரிண்டிங் எல்லாமே இந்தப் பாடம்தான். சில்லு செய்யும் சிலிக்கனும் உருகிய நிலையிலிருந்து ஒற்றைப் படிகமாக இழுக்கப்படுவதே. ஆக, இந்தப் படிப்பு முடித்தவருக்குக் கதவுகள் குறைவில்லை.

சேர்வதற்கு முன் மகள் பேராசிரியரிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஆய்வகத்தில் உருக்கி ஊற்றும் வேலையை மாணவர்களே செய்கிறார்களா, அல்லது மாதிரிகள் வெளியிலிருந்து வருகின்றனவா? உறையும்போதே எக்ஸ்-கதிரில் பார்க்கும் வசதிக்குக் குழுவில் யாராவது போய்வருகிறார்களா? முதல் கேள்விக்கு மாணவர்களே என்று பதில் வந்தால், இரண்டாவதற்கு இல்லை என்று வந்தாலும் சேரச் சொல்லுங்கள்.